கார் 'டோட்டல் லாஸ்' ஆன பிறகு: இழப்பீடு, ஆர்.சி., அடுத்த கார்

நொறுங்கிய கார் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும்போது, சில நாட்கள் கழித்து, சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் தொலைபேசியில் அழைத்து, "சார், இதை டோட்டல் லாஸ் போட்டுவிடலாம்" என்று சொல்வார். பழுது பார்ப்பது கட்டுப்படியாகாத அளவுக்குச் சேதம் என்று பொருள். அந்த ஒரு வாக்கியத்தோடு நடைமுறையே வேறாகிவிடுகிறது என்பதைப் பலரும் உணர்வதில்லை. அதுவரை நடந்தது பழுது பார்ப்பதைப் பற்றிய பேச்சு. இனி நடக்கப்போவது, ஏறத்தாழ உங்கள் காரை ஒரு விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியேறுவதைப் பற்றிய பேச்சு. அந்த விலை நீங்கள் பாலிசி எடுத்த அன்றே எழுதப்பட்டுவிட்டது. ஆகவே விலையில் நீங்கள் செய்யக்கூடியது குறைவு. உடைந்த வண்டியும் அதன் ஆர்.சி. புத்தகமும் யாரிடம், எந்த நிலையில் போய்ச் சேருகின்றன என்பதே உங்கள் முழுக் கவனத்தையும் கேட்கும் விஷயம். பணம் வந்தவுடன் இந்த இரண்டாவது பகுதியை மறந்துவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துத் தொல்லைப்படுபவர்கள் இருக்கிறார்கள் என்பதாலேயே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன். இங்கே சொல்லப்படுபவை இந்தியாவில் தனியார் கார்களுக்கு நடப்பிலுள்ள விதிகள். அலுவலக நடைமுறை என்று வரும் இடங்களில் தமிழ்நாட்டை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

முதல் சில நாட்கள்

விபத்து நடந்த அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்து, கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாருக்காவது காயம் ஏற்பட்டிருந்தாலோ, மற்றொரு வாகனமோ பிறர் சொத்தோ சம்பந்தப்பட்டிருந்தாலோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, எஃப்.ஐ.ஆர். நகலோ, குறைந்தபட்சம் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோ வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டியை நகர்த்துவதற்கு முன் நான்கு பக்கமும், சேசிஸ் எண் தெரியும்படியும், கிலோமீட்டர் மீட்டரையும் படம் எடுத்து வைப்பது நல்லது. வெள்ளத்தில் மூழ்கிய காராக இருந்தால் எக்காரணம் கொண்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நீரில் நின்ற கார்களை, தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் ஸ்டார்ட் செய்தவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் புகுந்த நீர் அழுத்தத்துக்கு வளைந்து கொடுக்காது. கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் பாழாகிவிடும். வெள்ளத்தால் வந்த சேதம் வேறு, ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் வேறு என்று நிறுவனம் பிரித்துப் பேசவும் அது வழி திறந்துவிடும்.

இழுவை வண்டிச் செலவுக்கு அடிப்படை பாலிசியில் தனியார் கார்களுக்கு 1,500 ரூபாய் வரைதான் கிடைக்கும். ஆகையால் விபத்து நடந்த இடத்துக்கு அருகிலேயே ஒர்க்‌ஷாப் இருக்கும்போது, பழகிய இடம் என்பதற்காக நூறு கிலோமீட்டர் இழுத்துச் செல்வது உங்கள் கைப்பணத்தைத்தான் கரைக்கும். ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடும்போதே, அங்கே பழுது பார்க்காமல் போனால் எஸ்டிமேட் போடுவதற்கும் நாள்தோறும் நிறுத்தி வைப்பதற்கும் எவ்வளவு வாங்குவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என் உறவினர் ஒருவரின் கார் செங்கல்பட்டுப் பக்கத்தில் விபத்துக்குள்ளாகி டோட்டல் லாஸ் ஆனபோது, இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. வண்டியை எடுத்துப்போக ஆள் வந்த நாளில்தான் பார்க்கிங் கட்டணம் என்று ஒரு பெரிய தொகை எழுந்து நின்றது. அதைச் செலுத்தாமல் வண்டியை வெளியே விட மறுத்தார்கள்.

காரில் இருக்கும் உங்கள் பொருட்கள், ஆவணங்கள், ஸ்டெப்னி, டேஷ்கேம் அனைத்தையும் கணக்கெடுத்து, உங்களுடைய சொந்தப் பொருட்களை எடுத்துக்கொள்ளுங்கள். காரோடு வந்தவற்றையும் பாலிசியில் காட்டியவற்றையும் கழற்றாதீர்கள். கழற்றினால் பிறகு இழப்பீட்டில் அதற்கான தொகையைக் கழிப்பார்கள்.

எப்போது 'டோட்டல் லாஸ்' ஆகிறது?

சர்வேயரின் விருப்பத்தால் தீர்மானிக்கப்படும் விஷயம் அல்ல இது. 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த அளவுகோல் இன்றும் பாலிசி வாசகங்களில் இருக்கிறது: வண்டியை மீட்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் ஆகும் மொத்தச் செலவு, பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஐ.டி.வி. தொகையில், அதாவது பாலிசியில் காருக்கு எழுதிய மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது டோட்டல் லாஸ்.

அதில் 'பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்ற சொற்கள்தாம் முக்கியமானவை. ஒர்க்‌ஷாப் கொடுக்கும் எஸ்டிமேட் அப்படியே கணக்கில் வராது. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, டயர், ஏர்பேக் போன்றவற்றுக்கு 50 சதவீதமும், ஃபைபர் பாகங்களுக்கு 30 சதவீதமும், இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்தும் தேய்மானம் கழித்த பிறகு எஞ்சும் தொகையே 75 சதவீதத்துடன் ஒப்பிடப்படும். பம்பர்-டு-பம்பர் என்று நாம் சொல்லும் தேய்மானமில்லா பாலிசி இருந்தால் அந்தக் கழிவு இல்லை. ஆகவே ஒரே மாதிரி நொறுங்கிய இரண்டு கார்களில் ஒன்று டோட்டல் லாஸ் ஆகலாம். மற்றொன்று பழுது பார்ப்புக்குப் போகலாம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஐ.டி.வி. 5,60,000 ரூபாய் என்றால் எல்லைக்கோடு 4,20,000 ரூபாய். எஸ்டிமேட் 4,60,000 ரூபாய். அதில் தேய்மானம் 80,000 ரூபாய் போனால் நிறுவனத்தின் பொறுப்பு 3,80,000 ரூபாயாகிறது. எல்லைக்கோட்டைத் தொடவில்லை என்பதால் பழுது பார்க்கச் சொல்வார்கள். 80,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். அதே கார் பம்பர்-டு-பம்பர் பாலிசியில் இருந்தால் 4,60,000 ரூபாயும் கணக்கில் வந்து, டோட்டல் லாஸ் ஆகிவிடும்.

எல்லைக்கோட்டுக்கு அருகில் நிற்கும் காரில் அவசரப்பட்டு பழுது பார்க்க ஒப்புதல் தராதீர்கள். வெளியிலிருந்து பார்த்துப் போட்ட எஸ்டிமேட்டில் உள்ளே இருக்கும் சேதம் தெரியாது. பாகங்களைப் பிரித்துப் பார்த்து முழு எஸ்டிமேட் போட வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பையும் சர்வேயரையும் எழுத்தில் கேளுங்கள். ஐ.டி.வி. நியாயமாக இருக்கும்போது, சேசிஸ் வளைந்து ஏர்பேக்குகள் வெடித்த காரைத் தட்டி நிமிர்த்தி மறுபடி குடும்பத்தை ஏற்றிச் செல்வதைவிட டோட்டல் லாஸ் மேல் என்பது என் உறுதியான எண்ணம். பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யை மிகவும் தாழ்த்தி எடுத்தவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

எவ்வளவு கிடைக்கும்?

ஐ.டி.வி. என்பது உங்கள் காரின் அதே மாடலுக்கு உற்பத்தியாளர் அறிவித்த விற்பனை விலையிலிருந்து, பதிவுக் கட்டணமும் சாலை வரியும் காப்பீடும் சேராமல், வயதுக்கேற்பத் தேய்மானம் கழித்த தொகை. ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 சதவீதம் கழிக்கப்படும். ஐந்தாண்டைத் தாண்டிய கார்களுக்கு நிறுவனமும் நீங்களும் ஒத்துக்கொண்ட தொகையே ஐ.டி.வி. மேலே சொன்ன எடுத்துக்காட்டில், 8,00,000 ரூபாய் விலையுள்ள இரண்டரை வயதுக் காருக்கு 30 சதவீதம் போக 5,60,000 ரூபாய் வந்தது இப்படித்தான்.

இங்கே ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டோட்டல் லாஸ் இழப்பீட்டைப் பொறுத்தவரை, பாலிசியில் அச்சிட்ட ஐ.டி.வி.தான் அந்தப் பாலிசிக் காலம் முழுவதும் காரின் சந்தை மதிப்பு. அதற்கு மேல் தேய்மானம் கழிக்கக் கூடாது என்று நிலையான பாலிசி வாசகமே சொல்கிறது. "பாலிசி எடுத்துப் பத்து மாதம் ஆகிவிட்டது, இன்று பழைய கார்ச் சந்தையில் இவ்வளவுதான் போகும்" என்று யாராவது தொகையைக் குறைக்கப் பேசினால், பாலிசியில் ஐ.டி.வி.யை விளக்கும் பத்தியைப் பிரித்துக் காட்டுங்கள். நியாயமாகக் கழிக்கக்கூடியது, இழப்பில் நீங்களே ஏற்க வேண்டிய பங்கான கட்டாயக் கழிவுத் தொகை: 1500 சி.சி. வரையுள்ள கார்களுக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 2,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைப்பதற்காக நீங்களே ஏற்றுக்கொண்ட கூடுதல் கழிவு இருந்தால் அதுவும் சேரும்.

'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால், ஐ.டி.வி.க்கும் வாங்கியபோது பில்லில் இருந்த விலைக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். பல பாலிசிகளில் பதிவுக் கட்டணமும் சாலை வரியும்கூடச் சேரும். அதற்கு அசல் பில்லும் வரி ரசீதும் தேவைப்படும். புதிய கார் வாங்கிய அன்றே அவற்றை ஸ்கேன் செய்து வைத்தவருக்கு இங்கே அலைச்சல் மிச்சம்.

உடைந்த வண்டி யாருக்கு?

நிறுவனம் இரண்டு வழிகளில் முடிக்கலாம். ஒன்று, முழு ஐ.டி.வி.யையும் கொடுத்து உடைந்த வண்டியைத் தானே எடுத்துக்கொள்வது. மற்றொன்று, வண்டியின் எச்ச மதிப்பைக் கழித்து மீதியை உங்களுக்குக் கொடுத்து, வண்டியை உங்களிடமே விட்டுவிடுவது. இரண்டாவதில், நிறுவனம் இணைய ஏலத்தின் மூலம் பழைய வண்டி வாங்குவோரிடம் விலை கேட்டு, அதிக விலை சொன்னவரை உங்களிடம் அனுப்பும். மேற்சொன்ன காருக்கு அதிகபட்ச விலை 1,40,000 ரூபாய் என்றால், 5,60,000 ரூபாயிலிருந்து அதையும் கட்டாயக் கழிவான 1,000 ரூபாயையும் கழித்து, நிறுவனம் 4,19,000 ரூபாய் தரும். வண்டி வாங்குபவர் 1,40,000 ரூபாய் தருவார். ஆக உங்கள் கைக்கு 5,59,000 ரூபாய். ஏலத்தில் விலை சொன்னவர் பிறகு பின்வாங்கினால், அந்த விலையை வைத்து உங்கள் இழப்பீட்டைக் குறைத்தது பொருளற்றதாகிவிடும். ஆகவே வாங்குபவரின் பெயர், தொகை, அந்த விலை எந்தத் தேதி வரை செல்லும் என்பவற்றை நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சலில் பெற்ற பிறகே சம்மதக் கடிதத்தில் கையெழுத்திடுங்கள்.

ஏல விலையில் 'ஆர்.சி.யுடன்', 'ஆர்.சி. இல்லாமல்' என்று இரண்டு விலைகள் சொல்வார்கள். ஆர்.சி.யுடன் கொடுத்தால் விலை கூடுதலாக இருக்கும். அது ஏன் என்று நின்று யோசிக்க வேண்டும். உடைந்த வண்டியை நேர்மையாகச் சரிசெய்து ஓட்ட நினைப்பவருக்கு ஆர்.சி. தேவை என்பது உண்மைதான். ஆனால் டோட்டல் லாஸ் வண்டியின் ஆர்.சி.யையும் சேசிஸ் எண்ணையும் எடுத்து, அதே மாடலில் திருடிய வண்டிக்கு அணிவித்து விற்கும் கும்பல்களும் இந்த நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. அப்படி ஓடும் வண்டி விபத்தோ குற்றமோ செய்தால் காவல்துறை முதலில் தேடி வருவது பதிவேட்டில் பெயருள்ளவரை.

விற்றுவிட்டேன் என்று சொல்வது போதாது. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே மோட்டார் வாகனச் சட்டப்படி உரிமையாளர், வண்டி கைமாறியிருந்தாலும் விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு அவருடையதே என்று தீர்ப்பளித்தது. உங்கள் பழைய பாலிசியோ இழப்பீடு கொடுத்ததோடு முடிந்துவிடும். காப்பீடு இல்லாத வண்டி உங்கள் பெயரில் சாலையில் ஓடுவதைவிடப் பெரிய ஆபத்து ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு வேறில்லை.

ஆகையால் என் அறிவுரை நேரானது: சில ஆயிரங்கள் குறைந்தாலும் ஆர்.சி.யை ரத்து செய்யும் வழியைத் தேர்ந்தெடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 55-ஆம் பிரிவு, வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போனாலோ உரிமையாளர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விண்ணப்பித்து, பிரேக் இன்ஸ்பெக்டரின் ஆய்வு தேவைப்பட்டால் அதையும் முடித்து, ரத்து ஆணையின் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனிலும் நிலை மாறியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டியை 2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்தால் 'சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்' கிடைக்கும். அடுத்த கார் வாங்கும்போது பதிவுக் கட்டண விலக்குக்கு அது பயன்படும். தனியார் வாகனங்களுக்கு 25 சதவீதம் வரை சாலை வரிச் சலுகை தர மாநிலங்களுக்கு மத்திய விதி இடம் கொடுத்திருக்கிறது. பக்கத்துக் காயலாங்கடைக்காரர் கொடுக்கும் துண்டுச் சீட்டுக்கு இந்த மதிப்பு எதுவும் கிடையாது.

ஆர்.சி.யுடன்தான் விற்கப் போகிறீர்கள் என்றால், உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றை வெற்றாகக் கையெழுத்திட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவரின் பெயர், முகவரி, தேதி எல்லாம் நிரப்பிய பிறகே கையெழுத்திட்டு, அவருடைய அடையாள ஆவண நகலையும் வாங்கி, உரிமை மாற்ற விண்ணப்பத்தை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நீங்களே உடன் நின்று பதிவு செய்யுங்கள். பெயர் மாறியதை உறுதி செய்யும்வரை ஒரு பகுதித் தொகையோ சாவியோ உங்கள் பக்கம் இருப்பது நல்லது. ஃபாஸ்டேகைக் கிழித்தெறிந்தால் போதாது. வழங்கிய வங்கியில் சொல்லி அந்தக் கணக்கை மூடிவிடுங்கள்.

கடன் பாக்கி இருந்தால்

ஆர்.சி.யில் வங்கியின் ஹைப்பாதிகேஷன் (கடனுக்கான அடமானக் குறிப்பு) இருக்கும்வரை இழப்பீடு முதலில் வங்கிக்கே போகும். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் கடன் பாக்கி 4,60,000 ரூபாய் என்றால், நிறுவனம் தரும் 4,19,000 ரூபாய் முழுவதும் வங்கிக்குச் செல்லும். வண்டி விற்ற 1,40,000 ரூபாயிலிருந்து 41,000 ரூபாயை நீங்கள் கட்டிக் கணக்கை முடித்தால் 99,000 ரூபாய் மிஞ்சும். பாக்கி ஐ.டி.வி.யைவிட அதிகமாக இருந்தால், இல்லாத காருக்கு நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிவரும். இழப்பீடு வரும்வரை இ.எம்.ஐ.யை நிறுத்திவிடாதீர்கள், இரண்டு தவணை தவறினாலே அடுத்த காருக்கான கடன் விண்ணப்பத்தில் அது தெரியும். கணக்கு முடிந்ததும் வங்கியிடமிருந்து என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்றும், ஹைப்பாதிகேஷனை நீக்குவதற்கான படிவம் 35-உம் வாங்காமல் ஆர்.சி. ரத்தோ மாற்றமோ நடக்காது என்பதால், அவற்றை அன்றே கேட்டு வாங்குங்கள்.

பழைய காரை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டுபவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசி முந்தைய உரிமையாளர் பெயரிலேயே இருந்தால், உங்கள் சொந்தச் சேதத்துக்கான இழப்பீடு மறுக்கப்படும். மாற்றம் நடந்து 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்திருக்க வேண்டும்.

தாமதமும் மறுப்பும்

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 ஜூனில் வெளியிட்ட பொதுக் காப்பீட்டுச் சுற்றறிக்கையின்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்துக்குள் சர்வேயர் நியமிக்கப்பட வேண்டும். அவருடைய அறிக்கை 15 நாட்களுக்குள் வர வேண்டும். அறிக்கை வந்த 7 நாட்களுக்குள் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். இந்தத் தேதிகளைக் குறித்து வைத்து, தாண்டும்போது மின்னஞ்சலில் நினைவூட்டுங்கள். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தொகையில் எங்கே கத்தரி விழுந்தது என்பது அதில்தான் தெரியும். முழுத் தொகைக்கும் சம்மதம் என்று ஒரு வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் கையெழுத்திட்டதாலேயே கூடுதல் தொகை கேட்கும் உரிமை போய்விடாது என்று ஆணையம் 2015-இலேயே தெளிவாக்கியிருக்கிறது. எனினும் 'ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதி, அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்பிவிடுவது நல்லது.

நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை அண்ணா சாலையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை, மறுப்பு வந்த ஓராண்டுக்குள் போக வேண்டும். ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டாண்டு கால வரம்பு உண்டு. அடிப்படை அல்லாத ஒரு நிபந்தனை மீறலைக் காட்டி முழுத் தொகையையும் மறுத்திருந்தால், 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில் 75 சதவீதம் வரை 'நான்-ஸ்டாண்டர்ட்' முறையில் வழங்க உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருப்பதை எடுத்துக் காட்டுங்கள்.

மற்றொரு வண்டியின் தவறால் விபத்து நடந்திருந்தால், உங்கள் நிறுவனம் ஈடுசெய்யாத இழப்பை மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கோரலாம். கார்களுக்கான பாலிசியில் பிறர் சொத்துச் சேதத்துக்கான வரம்பு 7,50,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைத்துக்கொண்டு அதை 6,000 ரூபாயாகச் சுருக்கியவர்களும் இருக்கிறார்கள். வண்டி ஓட்டிய உரிமையாளருக்கே நிரந்தர ஊனமோ உயிரிழப்போ நேர்ந்திருந்தால், 15,00,000 ரூபாய்க்கான கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீட்டை மறந்துவிட வேண்டாம். காரைப் பற்றிய கவலையில் குடும்பங்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுவது வேதனையான உண்மை.

அடுத்த கார்

டோட்டல் லாஸ் இழப்பீடு வாங்கிய பிறகு, இழப்பீடு கேட்காமல் பல ஆண்டுகளாகச் சேர்த்த பிரீமியத் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ், அது 50 சதவீதமாகவே இருந்தாலும், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருந்தால் ஒழிய பூஜ்யத்துக்கு வந்துவிடும். புதிய காரின் பிரீமியத்தைக் கணக்கிடும்போது முகவர் அந்த போனஸைப் போட்டுக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். முந்தைய கிளெய்மை மறைத்தது பின்னால் தெரிந்தால் அடுத்த இழப்பீட்டிலேயே கைவைப்பார்கள். சாலை வரியையும் முன்கூட்டியே கணக்கில் எடுங்கள். 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய கார்களுக்கான ஆயுட்கால வரி 5 லட்சம் ரூபாய் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம். இழப்பீட்டில் வராத இந்தத் தொகைதான் பலருடைய திட்டத்தைக் கடைசி நேரத்தில் தடுமாற வைக்கிறது.

புதிய பாலிசி வந்ததும் முதல் பக்கத்தில் ஐ.டி.வி., சேசிஸ் எண், ஹைப்பாதிகேஷன் பெற்ற வங்கியின் பெயர் மூன்றையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடனில் வாங்கும் காராக இருந்தால், முதல் சில ஆண்டுகளுக்காவது ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள். தவறு ஏதும் கண்ணில் பட்டால், காரை ஷோரூமிலிருந்து எடுப்பதற்கு முன்பே திருத்தப் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள்.